கேட்ட ஆள் வரட்டும்

பதில் வராத பாட்டை அழிக்க அவள் விடமாட்டாள். பலகை பழசாய்ப் போச்சு, புதுசு ஒன்று எழுதலாமே என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

"பாட்டு கேள்வி கேட்டுக்கிட்டு நிக்குது மல்லி. வாசல்ல வந்து நிக்கிற ஆளுக்கு ஒரு வார்த்த சொல்லாம கதவச் சாத்துவியா நீ?"

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவள் சிங்களத்தி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவளுடைய பெயரை நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆட்கள் கடைக்கார நோனா, அதாவது கடைக்கார அம்மா, என்றார்கள். அவள் வீட்டுக்காரர் 'புள்ள' என்றார். அதற்கு மேல் ஒரு பெயர் தேவைப்படவில்லை.

டிக்கோயாவிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில், ஒரு வளைவில் பஸ் நிற்கும். ரோட்டுக்கு மேலே மண்மேட்டில் அவளுடைய தேத்தண்ணிக் கடை. மண்ணை வெட்டிச் செய்த படிகளில் ஏறித்தான் போகவேண்டும். மேட்டுப் பக்கமெல்லாம் தோட்டம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் சிங்களக் கிராமம். இரண்டு பக்கத்துக்கும் அந்த ஒரே பஸ்தான்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன். லொறியில் கிளீனர், காட்டில் விறகு வெட்டு, கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுவது, எங்கே வேலை இருந்ததோ அங்கே போனேன். தலவாக்கலையில் கொஞ்ச நாள், கந்தப்பளையில் கொஞ்ச நாள். எங்கே போனாலும் வருஷத்தில் இரண்டொரு தடவை அந்த வளைவைக் கடக்காமல் முடியாது. கடக்கும்போதெல்லாம் முதலில் பலகையைப் பார்ப்பேன். அப்புறம்தான் தேத்தண்ணி.

தேயிலைப் பெட்டியின் மூடிகள் இரண்டை ஒரு சட்டத்தில் சேர்த்து அடித்த பலகை அது. கடையின் முகப்பில், கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி தொங்கும். ஒரு பாதியில் தமிழ், மறு பாதியில் சிங்களம். தமிழை அவள் வீட்டுக்காரர் எழுதுவார், சிங்களத்தை அவள் எழுதுவாள். அவருக்குச் சிங்களம் எழுத வராது, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவதற்கு இரண்டு பேருக்கும் இரண்டும் வரும்.

அவர் தோட்டத்து ஸ்டோரில் பெட்டி கட்டுகிறவராக இருந்தவர். லொறியில் ஏற்றும்போது பெட்டி சரிந்து முழங்காலில் விழுந்தது. கால் வளைந்துபோனது, வேலையும் போனது. பலகையைக் காட்டி, "என் கால ஒடச்சதே இந்தப் பொட்டியோட மூடிதான். கழட்டி மாட்டிட்டேன்ல!" என்பார். நிஜமோ பொய்யோ தெரியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மேடு ஏறுவார். இறங்குவதுதான் முடியாது. மடக்கி வைக்கிற கால் மடங்காது. அதனால் அவர் படியில் இறங்கும்போதெல்லாம், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, அவள் ஒரு படி முன்னால் இறங்கித் திரும்பி நின்று கையை நீட்டுவாள். கூப்பிடவேண்டியதில்லை. கட்டை ஊன்றுகிற சத்தம் கேட்டால் போதும்.

பலகை எப்படி வந்தது என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.

"மழ மல்லி. நல்ல மழ. பஸ் வரல. எல்லாரும் மேல ஏறி வந்து என் கட எறவாணத்துல ஒதுங்கினாங்க. இந்தப் பக்கம் ஒங்க ஆளுக, அந்தப் பக்கம் எங்க ஆளுக. ஒரு பேச்சு இல்ல. மாடு ரெண்டு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. எனக்கு மூச்சு முட்டிருச்சு. அனே, ஒரே மழைலதானே நனைஞ்சீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு."

கத்தவில்லை. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது ஒரு நிரையில் நிற்கிறவள் பாட்டில் கேள்வி கேட்பாள், அடுத்த நிரையில் நிற்கிறவள் பாட்டிலேயே பதில் சொல்வாள். எசப்பாட்டு. அவள் ஊரிலும் நாற்று நடும்போது பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து அப்படித்தான் பாடுவார்களாம். அதை ஞாபகம் வைத்து இந்தப் பலகையைச் செய்யச் சொன்னாள். ஒரு பக்கத்தார் கேட்கவேண்டும், மறு பக்கத்தார் தங்கள் பாஷையில் பதில் சொல்லவேண்டும். நடுவில் நின்று இங்கே உள்ளதை அங்கே சொல்வது அவள் வேலை.

முதல் பாட்டு ஒரு கொழுந்துக்காரப் பெண் கொடுத்தது.

பனி மூடின மலையில
பாத எங்க தெரியலையே
கொஞ்சம் வெலகு பனியே
கொண்டு வந்த சோறு ஆறுது

அது எங்கள் ஆட்களை எல்லாம் பிரஜாவுரிமைக்குப் பதியச் சொல்லி, அத்தாட்சி கேட்டு, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலையவிட்ட காலம். பலகையில் எழுத்து என்றால் உத்தரவு என்றுதான் எங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் துரையின் உத்தரவு, இல்லாவிட்டால் அரசாங்கத்தின் உத்தரவு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் தொங்கும் பலகை நல்ல சேதி சொல்லி யாரும் பார்த்ததில்லை. அதனால் பலகை மாட்டிய அன்று காலையில் கீழே வந்த ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒரு கிழவரும் கிழவியும் லயத்து வீட்டுக்குத் திரும்பி ஓடி, டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதம் எல்லாவற்றையும் முடிச்சாகக் கட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள்.

"என்னா உத்தரவு போட்டிருக்காங்க, வாசிச்சுச் சொல்லுங்கய்யா" என்றாராம் கிழவர்.

வீட்டுக்காரர் வாசித்தார். கிழவி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்: "சோறு ஆறுனதுக்குமா எழுதிக் குடுக்கணும்?"

இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள். வீட்டுக்காரர் சிரிக்கமாட்டார். "அந்தக் கெழவிக்கு அப்பறம் எழுதிக் குடுத்தும் கெடைக்கல" என்று மட்டும் சொல்வார்.

அந்தப் பாட்டுக்குப் பதில் வர நாளானது. கொடுத்தவர் அக்காவின் சொந்த அண்ணன்.

அவர் வெற்றிலை வியாபாரி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். தங்கை தோட்டத்துக் கோயிலில் தமிழனிடம் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அவளோடு பேசியதில்லை. அந்தக் கடையில் தேத்தண்ணி குடித்ததில்லை. எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்றுதான் பஸ் ஏறுவார். ஒரு நாள் அங்கிருந்தே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி நாலு வரி சொன்னார். அடுப்படியில் நின்ற அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அதைப் பலகையில் எழுதினாள். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் அதன் அர்த்தம் இவ்வளவுதான்: சோறு ஆறினால் ஆறட்டும், அடுப்பை மட்டும் அணைக்காதே, பனிக்குள் நடக்கிறவன் புகையைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பான்.

ஆனால் பதில் வந்த உடனே அதை அவள் எல்லாருக்கும் காட்டிவிடவில்லை. அதுவும் அவளுடைய சட்டம். எழுதியதும் சிங்களப் பாதியின்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். கேள்வி கேட்ட பெண் வரவேண்டும். "கேட்ட ஆள் வரட்டும். மொதல்ல அது கேக்கணும், அப்பறம்தான் ஊரு." அந்தப் பெண் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "நோனா, சாக்கத் தூக்குங்க, என்னா எழுதியிருக்குன்னு பாப்போம்" என்று கேலி பண்ணுவார்கள். கண்டக்டர்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கேட்பான். அவள் மசியவில்லை. அந்தப் பெண் கைப்பிள்ளையோடு வந்து இறங்கிய அன்றைக்குத்தான் சாக்கு விலகியது. அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "வெத்திலக்காரய்யா, புள்ளைக்குப் பேரு நீங்களே வைங்க" என்று சத்தம் போட்டாள். அவர் காது கேளாதவர் மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆனால் அந்த வாரச் சந்தை நாளில், படியின் கீழே இருந்த கல்லின்மேல் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. சுண்ணாம்பு. வெற்றிலைக்காரரின் சுண்ணாம்பு. பலகையில் எழுதுவது சுண்ணாம்பில்தானே. அதன் பிறகு அந்தக் கல்லில் சுண்ணாம்பு தவறியதில்லை. பேச்சுத்தான் இல்லை.

அந்தச் சுண்ணாம்பால் எத்தனையோ பாட்டுகள் எழுதினார்கள். காட்டுப்பன்றி விரட்டப் பரணில் கிடக்கிற சிங்களவன் ஒருவன் கேட்ட கேள்வி ஒன்று ஞாபகம் இருக்கிறது: நான் கூவுகிற கூச்சல் உன் லயத்துக்குக் கேட்கிறதா? அதற்கு எங்கள் கங்காணி ஒருவர் பதில் கொடுத்தார்: கேட்குது கேட்குது, எங்கள் துரை கூவுகிறார் என்றல்லவா நினைத்தோம். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பக்கத்தாரும் அன்றைக்குச் சேர்ந்து சிரித்ததில் கண்டக்டர் விசில் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை.

பஸ் நம்பரில் எந்தப் பாஷை எழுத்து இருக்கவேண்டும் என்று சண்டை வந்து, ஊரெல்லாம் தாரும் தூரிகையுமாக அலைந்த நாட்களில் நான் விறகு லொறியில் இருந்தேன். ஒரு பிற்பகல் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது டவுன் பக்கத்திலிருந்து ஒரு வான் வந்து நின்றது. நாலைந்து பையன்கள் வாளியோடு படி ஏறினார்கள். ஒருவன் தமிழ்ப் பாதியைக் காட்டி, இதை அழி என்றான்.

அக்கா கேத்தலைக் கையில் பிடித்தபடி அவர்களிடம் சிங்களத்தில் சொன்னாள்: "அழிச்சா அந்தப் பக்கத்து வரி என்ன செய்யும்? அது இதுக்குப் பதில். கேள்வி போயிட்டா அது தனியாப் பேசிக்கிட்டு நிக்கும், பைத்தியம் மாதிரி. எழுதுனது நம்ம ஆளு. பாவமில்லையா?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். இன்னொருவன் தாரைப் பூசினான். தமிழ்ப் பாதி முழுக்கப் பூசிவிட்டு, வானில் ஏறிப் போனார்கள். வேறு எதையும் தொடவில்லை. அன்றைக்கு மற்ற இடங்களில் நடந்ததைப் பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

வீட்டுக்காரர் பலகையின் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தடிப்பாத்தான் பூசியிருக்கானுக. காயட்டும் புள்ள. கறுப்புல வெள்ள நல்லா எடுப்பா இருக்கும்."

காய்ந்ததும் தாரின் மேலேயே எழுதினார். அவர் சொன்னது சரிதான். வளைவு திரும்பும்போதே தெரிந்தது. அந்த வாரம் கல்லின்மேல் இருந்த பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிசு.

இந்தியாவும் இலங்கையும் பேசி எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டது அறுபத்து நாலில். அக்காவின் வீட்டுக்காரருக்கு அதற்கு முன்னாலேயே வெளியேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அவர் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். திருச்சிப் பக்கம் போயிருந்த அவருடைய அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்தபோது, போய்ப் பார்த்துவர இந்தியப் பாஸ்போட்டு எடுத்தார். வேறு வழியில் கப்பல் ஏறமுடியாது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவர் இந்தியாக்காரர். தங்குவதற்குக் கொடுத்த தவணை முடிந்துவிட்டது, போகவேண்டும் என்றார்கள்.

அக்கா தானும் போகிறேன் என்று கந்தோருக்குப் போனாள். கல்யாண அத்தாட்சி கேட்டார்கள். மாரியம்மன் கோயிலில் கட்டிய தாலிக்கு எங்கே அத்தாட்சி? தாலியை எடுத்துக் காட்டினாளாம். அந்த ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நீ இந்த நாட்டுக்காரி, அவர் அந்த நாட்டுக்காரர். நான் என்ன செய்ய?" என்றாராம். "நல்ல மனுசன் மல்லி. தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு" என்று என்னிடம் சொன்னாள்.

அவர் புறப்பட்ட அன்று நான் அங்கே இருந்தேன். அப்போது எனக்கு வேலை இல்லை. ஹட்டன் ஸ்டேஷன்வரை பெட்டி தூக்கிக்கொண்டு போவதற்காக வந்திருந்தேன். பலகையில் இருந்த பழைய பாட்டுக்குப் பதில் வந்து முடிந்திருந்தது. அவர் அதைத் துடைத்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தார்ப் பாதியில் எழுதினார். எழுதும்போதே ராகத்தோடு சொன்னார்.

ஏறிப் போகக் காலிருக்கு
எறங்கி வரக் கையி வேணும்
கப்பல விட்டு எறங்கையில
கையக் குடுக்க யாரிருக்கா?

"ஒன் பாதியில பதிலப் போடு புள்ள" என்றார்.

"போடமாட்டேன்."

"ஏன்?"

"கேட்ட ஆள் திரும்பி வரணும். அப்பறம்தான்."

அவர் சிரித்தார். "ஒன் சட்டத்த எங்கிட்டயே காட்டுறியா!" கட்டையை ஊன்றி எழுந்தார். அவள் ஒரு படி முன்னால் இறங்கித் திரும்பி நின்று கையை நீட்டினாள். ரோடு வரைக்கும் அப்படியே இறங்கினார்கள். எதிர்ப்பக்கத்து மரத்தடியில் வெற்றிலைக் கூடையோடு அண்ணன் நின்றார். பஸ் வந்ததும் அவர் ரோட்டைக் கடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மச்சானைப் பின்னாலிருந்து தாங்கி பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு நான் ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகவில்லை. திம்புள்ளப் பக்கம் ரோட்டு வேலை, அதற்கப்புறம் மன்னாரில் கருவாட்டு மூட்டை. திரும்பி வந்தபோது பலகை இருந்தது. தார்ப் பாதியில் நாலு வரி. சிங்களப் பாதி வெறுமை. கடைக்குள் மூலையில் வெற்றிலைக் கூடை இருந்தது. அதன் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மல்லி. எளைச்சுப் போயிட்ட."

"அத்தான் சேதி ஏதும் வந்துச்சாக்கா?"

"தந்தி வந்துச்சு. காய்ச்சலாம். போயி ஒரு மழ முடியல, போயிட்டாரு." கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "கப்பல விட்டு எறங்கும்போது யாரோ ஒரு பொலிஸ்காரரு கையப் புடிச்சாராம். கூடப் போனவங்க ஊருக்கு எழுதினதுல இருந்துச்சாம்."

பலகையைப் பார்த்தேன். எழுத்து என்னவோ மாதிரி இருந்தது. சுழியெல்லாம் நீண்டு, கொம்பெல்லாம் சரிந்து, சில இடத்தில் எழுத்தா கோலமா என்று தெரியாமல் இருந்தது. பாட்டைத் தெரிந்த எனக்கே வாசிக்க வரவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மழைக்குச் சுண்ணாம்பு கரையக் கரைய அவள்தான் மேலே மேலே எழுதி வந்திருக்கிறாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவள். கோடு போன வழியிலேயே கையை ஓட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் விலகியிருக்கிறது.

அண்ணன் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "என்னிடம் பதில் இருக்கிறது. நாலு வரியும் இருக்கிறது. எழுதமாட்டேன் என்கிறாள்."

"அவருதான் இல்லையேக்கா. இப்பவாவது பதிலப் போடலாமில்ல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"செத்த ஆளுக்குச் சொன்னா அது ஒப்பாரி மல்லி. இது எசப்பாட்டு."

சொல்லிவிட்டுச் சிரட்டையில் சுண்ணாம்பைக் கரைத்தாள். ஸ்டூலில் ஏறினாள். நான் சிரட்டையைப் பிடித்துக்கொண்டேன். கீழே பஸ்ஸுக்கு நின்ற பெண் ஒருத்தி, தோட்டத்துக்குப் புதுசு போலிருக்கிறது, "அது என்னா பாசைங்க?" என்று பக்கத்தில் நின்ற சிங்களக் கிழவரிடம் கேட்டாள். அவர் அரைத் தமிழில், "ஆளு ஒண்ணு எறங்கணும். கை கேக்குது" என்றார்.

பஸ் சத்தம் கேட்டது. மூட்டையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி, எனக்கு முன்னால் ஒரு படி போய், திரும்பி நின்று கையை நீட்டினாள். என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஹட்டன் வரும்வரை என் உள்ளங்கையில் சுண்ணாம்பு இருந்தது.